வாங்கிய கணக்கும் வாசித்த கணக்கும்

ஜனவரி 1-ஆம் தேதி நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். நடுவில் கோடு. இடது பக்கம் 'வாங்கியது', வலது பக்கம் 'படித்தது'. வருஷக் கடைசியில் வலது பக்கம் நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் சபதம். சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்வந்த அதே மாதத்தில் இடது பக்கம் 23-ஐத் தொட்டது. வலது பக்கத்தில் ஒன்று. அதுவும் 96 பக்கக் குறுநாவல்.

அலமாரியைத் தூசி தட்டிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "ஏப்பா, இம்புட்டையும் படிச்சிட்டியா?"

"கொஞ்சம் படிச்சிருக்கேன்மா."

"கொஞ்சம்னா?"

அன்றைக்குத்தான் உட்கார்ந்து எண்ணினேன். 412 புத்தகங்கள். முழுசாகப் படித்தவை 139. பாதியில் கிடப்பவை 86. மீதி 187 புத்தகங்களை வாங்கிய அன்று முகர்ந்து பார்த்ததோடு சரி.

இந்த வியாதி உள்ளவர்களிடம் இரண்டு மருந்துச் சீட்டு எப்போதும் இருக்கும். ஒன்று, உம்பர்த்தோ எக்கோவின் வீட்டிலிருந்த 30,000 புத்தகங்கள். படிக்காத புத்தகங்கள்தான் நூலகத்தின் பெருமதி என்று அதைக் காட்டி நசீம் தலேப் எழுதிவிட்டுப்போக, நாமெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டோம். இன்னொன்று, வாங்கிக் குவித்துப் படிக்காமல் விடுவதற்கு ஜப்பானியர் வைத்திருக்கும் 'ட்சுன்டொகு' என்ற சொல். நானும் இரண்டையும் நிறையச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் தமிழ்ச்சங்கம் சாலை இருக்கிறது. வாங்குவதும் வாசிப்பதும் ஒன்றா வேறா என்று பார்க்க அந்தச் சாலையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கே இருக்கும் கட்டடத்துக்குக் காரணமே ஒரு புத்தகம் கிடைக்காமல் போனதுதான்.

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் (1867–1911) மதுரைக்கு வந்திருந்தபோது ஒரு சொற்பொழிவுக்காகத் திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டாராம். ஊர் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லையாம். சங்கம் வளர்த்த மதுரையில் குறள் கிடைக்காத அந்த வெட்கத்தில் பிறந்ததுதான் மதுரைத் தமிழ்ச் சங்கம், 1901 செப்டம்பர் 14-இல். சங்கத்தின் தொடக்கத்தைச் சொல்பவர்கள் எல்லோரும் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குவார்கள்.

எனக்கு இதில் ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். குறள் அச்சேறியது 1812-இல். ஆறுமுக நாவலர் பரிமேலழகர் உரையோடு குறளைப் பதிப்பித்தது 1861-இல். அந்தப் பதிப்புக்குப் பின்னால் நின்றவர் யார் தெரியுமா? இராமநாதபுரம் பொன்னுச்சாமித் தேவர், பாண்டித்துரைத் தேவரின் அப்பா! அப்பா அச்சிட வைத்த நூல், நாற்பது வருஷம் கழித்து மகன் கேட்கும்போது மதுரையில் இல்லையா? இருந்திருக்கும். வித்வான்கள் வீட்டில், வக்கீல்கள் வீட்டில், செட்டியார்களின் மர பீரோக்களில் நிச்சயம் இருந்திருக்கும். கேட்டவர்கள் கைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். என் அலமாரியில் உள்ள 187-ஐயும் மதுரையில் யாராவது தேடிக்கொண்டிருக்கலாம். அவர்களைப் பொறுத்தவரை அவையும் ஊரில் இல்லாத புத்தகங்கள்தான்.

தேவர் செய்த காரியத்தை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜமீன்தார், நினைத்திருந்தால் சென்னைக்கு ஆள் அனுப்பி நூறு குறள் வாங்கி வந்து தன் மாளிகையில் அடுக்கியிருக்கலாம். சங்கத்தில் முதலில் ஒரு நூலகம் வைத்தார். அதன் பெயர் பாண்டியன் புத்தகசாலை. அச்சுக்கூடம் வந்தது. 1902-இல் 'செந்தமிழ்' இதழ் வந்தது. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று நிலைகளில் தேர்வுகள் வந்தன. நூலகம், இதழ், பதிப்பு என்று எல்லோரும் வரிசையாகச் சொல்வார்கள்; தேர்வுகளை ஒரு வரியில் தாண்டிப்போவார்கள். எனக்கு அந்தத் தேர்வுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்தால் யாரும் படித்துவிட மாட்டார்கள் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. பாடத்திட்டம் போட்டு, தேதி குறித்து, தேறினால் 'பண்டிதர்' என்று எழுதிக்கொள்ளலாம் என்று ஆசை காட்டி, படிக்க வைத்திருக்கிறார். எங்கெங்கோ பள்ளிக்கூடங்களில் தமிழ் வாத்தியாராகப் போனவர்கள் அந்தத் தேர்வு எழுதியவர்கள்.

ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' கதையும் இங்கேதான் வருகிறது. பல வருஷ உழைப்பில் தனியாளாகத் தொகுத்த கலைக்களஞ்சியத்தை அச்சிட ஆளில்லாமல் அலைந்தார் அவர். தேவர் எடுத்துக்கொண்டார், 1910-இல் சங்கம் வெளியிட்டது. மறு வருஷம் தேவர் இறந்துபோனார். 44 வயதுதான். நடுவில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் முன்னால் நின்றவர்.

இதே தேவரைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. மதுரையில் ஸ்காட் என்றொரு வெள்ளைக்காரர் தமிழ் படித்தார். குறளில் எதுகை சரியாக அமையாத இடங்களில் வள்ளுவர் பிழைவிட்டுவிட்டார் என்று முடிவுகட்டி, தானே திருத்தி அச்சிட்டார். தேவர் அவரைப் போய்ப் பார்த்தார். ரொம்ப மரியாதையாகப் பேசி, கையிருப்புப் பிரதிகள் எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் பிரதியையும் கேட்டு வாங்கினார் என்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மொத்தத்தையும் தீயில் போட்டார். முந்நூறு பிரதி என்று ஒருவர் சொல்வார், ஐந்நூறு என்று இன்னொருவர். எண்ணிக்கை சொல்பவரைப் பொறுத்தது. மேடைப் பேச்சாளர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை இது, கைதட்டல் நிச்சயம்.

எனக்கு இந்தக் கதையில் கைதட்ட வருவதில்லை. ஒரு பிரதியாவது மிஞ்சியிருந்தால் இன்றைக்கு நாம் அதை எவ்வளவு ஆசையாகப் புரட்டிப் பார்த்துச் சிரித்திருப்போம்! ஆனால் ஒன்று: வாங்குவதற்கும் வாசிப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க வேண்டியதில்லை என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் கதை வேறில்லை. யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒருவர் ஒரு பதிப்பை முழுசாக வாங்கியிருக்கிறார்.

கொஞ்சம் பின்னால் போவோம். அச்சு வருவதற்கு முன் இந்தச் சிக்கலே வேறு மாதிரி இருந்தது. ஓலைச்சுவடிக்கு ஆயுள் குறைவு. பூச்சி அரிக்கும், நுனி ஒடியும், எழுத்து மங்கும். சில தலைமுறைக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து வேறு ஏட்டில் எழுத்தாணியால் பெயர்த்து எழுதினால்தான் நூல் பிழைக்கும். பெயர்த்து எழுத வேண்டுமென்றால் படித்தாக வேண்டும். ஆகவே யாரும் படிக்காத ஏடு செத்துப்போகும். எங்கள் பக்கத்து வீடுகளில் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, அன்றைக்குப் படிக்கக் கூடாது என்பார்கள். மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துப் படித்துவிட வேண்டும். பல வீடுகளில் அந்த மறுநாள் வரவேயில்லை. சுவடிகள் தலைமுறை தலைமுறையாகப் பூஜையிலேயே இருந்தன. ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் விட்டவர்கள் உண்டு.

உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனதை எழுதியிருக்கிறார். வரகுணபாண்டியனின் சுவடிகள் அங்கே இருந்ததாகக் கேள்விப்பட்டுப் போனார். போய்க் கேட்டால், கூளமாகக் கிடந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம், சாஸ்திரத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது என்றார்கள். இதில் கெட்டவர் யாருமில்லை என்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. பக்தியோடு வைத்திருந்தார்கள், பக்தியோடு எரித்தார்கள். நடுவில் ஒருவரும் படிக்கவில்லை.

இதற்கு நேரெதிரான ஒரு காட்சி மதுரைப் புதுமண்டபத்தில் இருந்தது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில், சிலைகளுக்கு நடுவே தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும். (இப்போது கடைகளை எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.) புதுமண்டபம் இ.ராம. குருசாமிக்கோனார் என்ற பெயரைப் பழைய மலிவுப் பதிப்புகளின் அட்டையில் பார்த்திருப்பீர்கள். அல்லி அரசாணி மாலை, புலந்திரன் களவு மாலை, தேசிங்குராஜன் கதை என்று பெரிய எழுத்துப் புத்தகங்கள். சாணித்தாள், விலை அணாக் கணக்கு. வித்வான்கள் இவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்ற நூலில் இந்த உலகத்தைத் தோண்டி எடுத்துக் காட்டும்வரை நம்மில் பலரும் பார்க்கவில்லை.

எழுத்து ஏன் பெரிது? எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு அது வசதி. இன்னொன்று, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், பலர் சூழ்ந்திருக்க, ஒருவர் ராகம் போட்டு உரக்கப் படிக்க வேண்டும். நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட எழுத்து தெரியாத காலம். தமிழ்ச் சங்கம் தொடங்கிய வருஷத்தின் நிலைமையும் அதுதான். திண்ணையில் ஒருவர் படிப்பார், தெருவே கேட்கும். ஒரு பிரதி வாங்கினால் இருபது பேர். அதே பிரதியை அடுத்த மழைக்காலத்தில் மறுபடி. அட்டை போய், ஓரம் கிழிந்து, நடுப்பக்கம் தொலைந்தாலும் கதை தொலையாது. அதற்குள் எல்லோருக்கும் மனப்பாடம்.

இதை அம்மாவிடம் சொன்னபோது, "எங்க வீட்லயும் இருந்துச்சே" என்றாள். மேலூர் பக்கத்துக் கிராமத்தில் தாத்தா வீட்டில் மொத்தம் மூன்று புத்தகங்கள். அல்லி அரசாணி மாலை, விராட பருவம், ஒரு பஞ்சாங்கம். மழை இல்லாத வருஷத்தில் விராட பருவம் படித்தால் மழை வரும் என்று ஊரே தாத்தாவைக் கூப்பிடுமாம். "வந்துச்சா?" என்று கேட்டேன். "சில வருஷம் வந்துச்சு" என்றாள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்ட அம்மா, அல்லி எப்படி அரசாண்டாள், அர்ச்சுனன் எப்படிப் பாம்பாக வந்து ஏமாற்றினான் என்று பாத்திரம் கழுவிக்கொண்டே அரை மணி நேரம் சொன்னாள். வாங்கியது மூன்று. படித்தது? என் நோட்டில் அதற்குக் கட்டமே இல்லை. ஒரே புத்தகத்தை முப்பது தடவை படித்தால் 'படித்தது: 1' என்றுதானே எழுதுவேன்.

சரி, அப்படியென்றால் வாங்குவதை நிறுத்திவிட வேண்டியதுதானா? அங்கேதான் சிக்கல். ஜனவரியில் சபதம் எடுத்ததைச் சொன்னதும், சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் ஒரு நண்பர் முகம் வாடிவிட்டார். இருநூறு, முந்நூறு பிரதி அடித்து, அதையும் இரண்டு வருஷம் விற்பவர். "நீங்கள்லாம் படிச்சுட்டுத்தான் அடுத்ததை வாங்குவோம்னு உட்கார்ந்தா நான் கடையை மூட வேண்டியதுதான்" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் விளையாட்டு மட்டும் இல்லை.

தமிழ்ப் புத்தகத்தைத் தாங்கியவர்கள் எப்போதுமே படிப்பவர்கள் மட்டும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு நூல் அச்சாக வேண்டுமென்றால் ஆசிரியர் ஊர் ஊராகப் போய்க் 'கையொப்பம்' வாங்குவார். ஜமீன்தார்கள், மடாதிபதிகள், தாசில்தார்கள், வக்கீல்கள் இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடுவார்கள். உ.வே.சா.வும் சீவக சிந்தாமணிக்கு (1887) அப்படித்தான் அலைந்தார். கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் சிந்தாமணியைத் திறந்திருப்பார்கள்? சமண காவியத்தைச் சைவ வீடுகளில்? அவர்கள் திறக்காமலே போனாலும் அந்தப் பணத்தில் அது அச்சானது. அவர்கள் வாங்கியதை நாம் படிக்கிறோம். பிறகு ஜமீன்தார்களின் இடத்தில் நூலக ஆணை வந்தது. அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் பிரதிகளை நம்பியே அச்சடித்த பதிப்பகங்கள் எத்தனையோ.

இந்த இடத்தில் கோட்டையூருக்குப் போயாக வேண்டும். மதுரையிலிருந்து காரைக்குடி பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம். செட்டிநாட்டு வீடு ஒன்றில் ரோஜா முத்தையா என்பவர் புத்தகம் சேர்த்தார். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். ரோஜா அந்தத் தொழிலில் ஒட்டிக்கொண்ட பெயர். பழைய புத்தகக் கடைகளில் தொடங்கிய பழக்கம் கடைசியில் ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகளில் போய் நின்றது. பழைய பதிப்புகள், பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள். யாரும் குப்பையில் போடுவதை எல்லாம் எடுத்து வைத்தார். புதுமண்டபத்துப் பெரிய எழுத்துப் புத்தகங்களும் இப்படிப்பட்டவர்களால்தான் மிஞ்சின. நல்ல நூலகங்கள் அவற்றை உள்ளே விடவில்லை.

ஒரு லட்சத்தையும் அவர் படித்திருக்க முடியாது. நாளைக்கு இரண்டு வீதம் வைத்தாலே 137 வருஷம் ஆகும். (கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் 187-க்கு இந்தக் கணக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது.) ஆனால் அவர் பூட்டி வைக்கவில்லை. இந்தப் பக்கத்து ஆய்வாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் கோட்டையூருக்குத் தேடிப் போய், அந்த வீட்டில் தங்கிப் படித்திருக்கிறார்கள். தலைப்பு வாரியாக வெட்டி ஒட்டி, பிரித்து வைத்திருந்தார். எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார். 1992-இல் அவர் இறந்ததும், சேகரிப்பு சிதறிவிடாமல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. புத்தகங்கள் கடல் தாண்டவில்லை. 1994-இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. பாண்டித்துரைத் தேவருக்குச் சகோதர முறையான பாஸ்கர சேதுபதி, விவேகானந்தரை 1893-இல் சிகாகோவுக்கு அனுப்ப உதவியவர். நூறு வருஷம் கழித்துச் சிகாகோ அந்தச் சீமையின் புத்தகங்களைத் தேடி வந்தது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை, சும்மா தோன்றியது.

ரோஜா முத்தையாவை எக்கோவைப்போல என் கட்சிக்கு இழுத்துக்கொள்ள ரொம்ப ஆசைதான். 'நானும் சேகரிப்பாளன்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அலமாரி முன்னால் நின்று பார்த்தால் தெரிந்துவிடுகிறது. என்னிடம் இருப்பதெல்லாம் இன்றைக்கும் கடையில் கிடைப்பவை. நான் வாங்காவிட்டால் அழிந்துபோகும் என்று ஒன்றுகூட இல்லை. தேடி வந்து படிக்கிறேன் என்று யாரும் இதுவரை கதவைத் தட்டவில்லை. தட்டியிருந்தாலும் கொடுத்திருப்பேனா? இரவல் போன இரண்டு புத்தகங்களுக்காக ஒரு நல்ல சிநேகிதத்தைக் கெடுத்துக்கொண்டவன் நான். அந்த இரண்டில் ஒன்றை நான் படித்திருக்கவில்லை. அவன் படித்துவிட்டான், அதுதான் வேடிக்கை.

சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, புத்தகம் பயன்படுத்துவதற்குத்தான் என்பது. இதை ஏன் ஒரு விதியாக எழுத வேண்டும் என்று கல்லூரியில் சிரித்திருக்கிறேன். கரிவலம்வந்தநல்லூரைப் படித்தபின் சிரிக்கத் தோன்றவில்லை. அவர் முயற்சியில் 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அதாவது, அம்மா வருஷா வருஷம் வீட்டு வரி கட்டும்போது எனக்காகப் புத்தகம் வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்திலும், 2023 ஜூலை 15-இல் புதுநத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் அந்தக் காசு சேர்ந்து நிற்கிறது. நான் தனியாக இன்னொரு தடவை வாங்கிக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் சிம்மக்கல் நூலகத்தில் உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்தேன். இரவல் புத்தகத்தில் எனக்குப் பிடித்தது அந்தத் தேதி முத்திரை. தேவர் வைத்த தேர்வுக்குத் தேதி இருந்ததுபோல இதற்கும் ஒரு தேதி. சொந்தப் புத்தகத்துக்கு அந்தக் கெடு கிடையாது. அது என்னைவிட நீண்ட நாள் இருக்கும் என்ற தைரியத்தில் காத்திருக்கிறது. முதல் தடவை எடுத்த இரண்டையும் கெடுவுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து முடித்தேன். நோட்டின் வலது பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இடது பக்கத்தில் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.

பதிப்பக நண்பருக்காக ஒரு திருத்தம் செய்துகொண்டேன். அவர் போடும் புத்தகங்களை வாங்குவேன், ஆனால் அவை என் அலமாரிக்கு வராது. படித்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிட வேண்டும், திரும்பக் கேட்கக் கூடாது. நோட்டில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். இதுவரை அதில் நாலு பேர். முதல் பெயர் அந்தப் பழைய சிநேகிதனுடையது. புத்தகத்தை வாங்கிக்கொண்டான், இன்னும் சரியாகப் பேசவில்லை.

ஆடி முடியும்போது கணக்கு: வாங்கியது 31, படித்தது 26. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா வர இன்னும் நாள் இருக்கிறது. "போறதுக்கு முன்னாடி பர்ஸை என்கிட்ட குடுத்துட்டுப் போ" என்று அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அல்லி அரசாணி மாலை பெரிய எழுத்துல இருந்தா மட்டும் ஒண்ணு வாங்கியா" என்றாள்.